கோட்டுக்கு இடப்பக்கம் 2.7 மீட்டர்

2023 மே 9, செவ்வாய்

பிற்பகல் 3.42. நிறுத்துதளத்தில் விமானங்கள் ஐந்து. 3.43-க்கு அவற்றில் பறக்கத் தகுந்தவை மூன்று.

இந்தக் கரட்டூர் பறப்புப் பயிற்சிப் பள்ளியில் பராமரிப்பு டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. முதல் வாரத்திலிருந்தே சொல்லி வருகிறேன்: இங்கே விமானங்களுக்கு எதிரி துரு இல்லை, கரிசல் புழுதி இல்லை, மாணவர்கள். இன்றைக்கு அது நிரூபணமானது.

நிலோஃபர். வயது இருபது, ஊர் கடையநல்லூர், இதுவரை பறந்தது நாற்பத்தொரு மணி நேரம். தனியாகப் பறக்கக் கிளம்பியவள், ஓடுபாதைக்குப் போகும் வழியில், தரையில், மனிதன் நடக்கிற வேகத்தில், நின்றுகொண்டிருந்த விமானத்தின் புரொப்பெல்லரில் தன் இடது இறக்கை முனையைக் கொண்டுபோய்ச் சொருகினாள். நின்றது நகராது. நகர்ந்ததுதான் இடித்தது. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

நின்ற விமானத்தில் ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தவன் நான். இன்ஜின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, படி போட்டு ஏறி, தலையை உள்ளே விட்டிருந்தேன். அவள் வந்ததைப் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. தகர டப்பா மேல் லாரி ஏறினால் வருமே, அது. புரொப்பெல்லர் உதைத்தது, படி சரிந்தது, என் வலது தோள் கான்கிரீட்டில் போய் விழுந்தது. ஓரடி தள்ளி விழுந்திருந்தால் தலை.

அவள் இன்ஜினை அணைத்து இறங்கி ஓடி வந்தாள். முதலில் கேட்டது, “அண்ணா, அடி பட்டுச்சா?” என்றுதான். உன் கண் எங்கே இருந்தது என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

சேதம்: அவள் விமானத்தின் இறக்கை முனை நாற்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிழிந்துவிட்டது. முனை விளக்கு தூள். எங்கள் விமானத்தில் புரொப்பெல்லர் வளைந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் இனி அது எழும்பாது.

பெட்ரோல் கசிந்தால் ஆபத்து என்பதால் இரண்டு விமானங்களையும் உடனே பிரித்தோம். எங்களுடையதை நானும் சீனியர் டெக்னீஷியன் பால்துரை அண்ணாச்சியும் பின்னால் தள்ளி வெள்ளைக் குறியில் நிறுத்தினோம். உடைந்த கண்ணாடியை நானே பெருக்கி அள்ளினேன். டயரில் குத்தும், இன்ஜினுக்குள் போகும். பெருக்குவது என் கடமை. எல்லாம் முடிந்த பிறகு தலைமைப் பயிற்றுநர் கேப்டன் திருவேங்கடம் வந்து படம் எடுத்தார்.

கசிவு இருக்கவில்லை. இருந்திருக்கலாம்.

மே 10, புதன்

தோளைத் தூக்க முடியவில்லை. இடது கையால் பல் தேய்த்தேன்.

கேப்டன் கூப்பிட்டார். வரும் திங்கள், 15-ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு விசாரணை. வெளியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். தவறு மாணவியுடையது என்று முடிவானால் பயிற்சியிலிருந்து நீக்கம். அந்த அறிக்கையோடு வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது என்றார். அதாவது அவள் இனிப் பறக்கப்போவதில்லை. சரி, ஒரு ஆபத்து குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அவர் கேட்டது ஒரு வாக்குமூலமும் ஒரு வரைபடமும். “விமானம் குறியில நின்னுச்சு, மாணவி கோட்டை விட்டு விலகிட்டா. எவ்வளவு விலகினாங்கறது மட்டும் கணக்கா வேணும், இசக்கி. உங்க கணக்குன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.”

எங்கே நின்றது என்று அவர் கேட்கவே இல்லை. குறியில் நின்றது என்று அவரே சொல்லிவிட்டார்.

கணக்கு எளிது. விமானம் உருண்டு போகும் வழிக்கு நடுவில் மஞ்சள் கோடு. மூக்குச் சக்கரத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு போனால் இறக்கை எதிலும் படாது. அப்படி அளந்துதான் கோடு போட்டிருக்கிறது. முதல் நாள் பாடமே அதுதான். கோட்டிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி வெள்ளைக் குறிகள். நிற்கும் விமானத்தின் மூக்குச் சக்கரம் அந்தக் குறியில் இருக்க வேண்டும். புரொப்பெல்லர் அதற்கும் முன்னால் 0.7 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டில் வருகிற விமானத்தின் பாதி இறக்கை ஐந்து மீட்டர். ஆக இடைவெளி 2.3. கிழிந்த ஆழம் 0.4. கூட்டினால் 2.7. கோட்டுக்கு இடப்பக்கம் 2.7 மீட்டர் விலகி வந்தால்தான் இந்த அளவுக்கு இடிக்க முடியும்.

அளவுகோல் வைத்து வரைந்தேன். இடித்த வேகத்தில் அவள் விமானம் திரும்பி நின்றுவிட்டதால், அதற்கு முன் எங்கே இருந்தது என்பதற்குத் தடயம் இல்லை. கேமரா எண்ணெய்க் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வரைபடம் மட்டும்தான் சாட்சி. கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சியும் போட்டார்.

இந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. போன மாதம் ஒரு விமானத்தில் வலது பிரேக் மெத்தென்று அமுங்குகிறது என்று குறைப் பதிவேட்டில் எழுதினாள். நான் சோதித்தேன், சரியாக இருந்தது, அப்படியே எழுதி மூடினேன். மறுநாள் மறுபடி எழுதினாள். என் கையெழுத்துக்கு நேர் கீழே. நாற்பது மணி நேரம் பறந்தவள் எனக்குப் பிரேக் சொல்லித் தருகிறாள்.

மே 11, வியாழன்

வெயில் 41. எல்லா வேலையும் குறியிலேயே, வெயிலிலேயே. இன்ஜின் மூடியைத் தொட்ட இடத்தில் அண்ணாச்சிக்கு விரல் கொப்பளித்துவிட்டது. யாரும் எதையும் தள்ளவில்லை.

மே 12, வெள்ளி

மாணவர்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். மதியச் சாப்பாட்டில் சாம்பார் புளித்திருந்தது.

அண்ணாச்சி தனியாகக் கூப்பிட்டார். ஹேங்கர் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றோம். அவர் சுற்றி வளைத்தே பேசுவார், எனக்கு அதைக் கேட்கப் பொறுமை கிடையாது; விஷயத்தைச் சொல்லுங்க என்றேன்.

“எங்கிட்டயும் தனியா விசாரிப்பாங்களாமே. நிழலப் பத்திக் கேட்டா என்னல சொல்ல?”

“யாரு கேக்கப்போறா?”

“கேட்டா?”

“கேட்டா நிழல்னா என்னன்னு கேளுங்க.”

அவர் சிரிக்கவில்லை. நான் இதை யாருக்கும் படித்துக் காட்டப்போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

இங்கே கோடையில் மூன்று மணிக்கு மேல் இன்ஜினில் கை வைக்க முடியாது. ஹேங்கருக்குள் இடம் இல்லை. தளத்துக்கு மேற்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு மாடி உயரம். மூன்றேகால் மணிவாக்கில் அதன் நிழல் வந்து கடைசிக் குறியில் நிற்கும் விமானத்தின் மூக்கில் விழும். பிறகு கிழக்கே நகர்ந்துகொண்டே போகும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நிழல் நகர நகர விமானத்தையும் முன்னால் தள்ளிக்கொள்வது. முன்பெல்லாம் குத்துமதிப்பாகத் தள்ளுவார்கள். நான்தான் ஒரு வாரம் அளந்து பார்த்துச் சொன்னேன், பத்து நிமிடத்துக்கு மூன்று அடி என்று. அதிலிருந்து கடிகாரம் பார்த்துத் தள்ளுகிறோம். வேலை சுத்தமாக நடக்கிறது.

மூக்கு வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பயிற்றுநர்கள் மாணவர்களிடம் வாயால் சொல்லிவிடுவார்கள், மூன்று மணிக்கு மேல் அந்த இடத்தில் கோட்டை விட்டு வலப்பக்கம் ஒதுங்கிப் போ என்று. எங்கேயும் எழுதி இல்லை. கேப்டனே ஒதுங்கித்தான் போவார், கையை ஆட்டிக்கொண்டு. தவிர, தள்ளி வைத்திருக்கும்போது எங்களில் ஒருவர் மூக்குக்கு முன்னால் நின்று, வருகிற விமானத்துக்குக் கை காட்ட வேண்டும். அதுதான் வழக்கம்.

நிலோஃபர் காலைப் பிரிவு. நாற்பத்தொரு மணி நேரமும் காலையில் பறந்தது. செவ்வாய்தான் அவளுக்கு முதல் பிற்பகல். அவளுடைய பயிற்றுநர் விடுப்பில். யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

3.15-க்கு ஒரு முறை தள்ளினோம். 3.25. 3.35. மூன்று தள்ளு, ஒன்பது அடி. ஒன்பது அடி என்பது 2.7 மீட்டர்.

மூக்குக்கு முன்னால் நின்றது அண்ணாச்சி. பிளக்குக்குச் செம்பு வாஷர் போதவில்லை என்று 3.38-க்கு அவரை ஸ்டோருக்கு அனுப்பினது நான். போக மாட்டேன் என்று சொன்னார். எவனாவது வந்தா யார் கை காட்டுவா என்றார். நாலு நிமிஷத்துல எவன் வரப்போறான், போங்க என்றேன்.

எவனும் வரவில்லை. இவள் வந்தாள்.

இதற்கெல்லாம் மேல் ஒரு விதி இருக்கிறது: விமானத்தை நகர்த்துகிறவர் முன்னால் பார்த்து நகர்த்த வேண்டும். ஆறடி உயரத்துக்கு ஒரு விமானம் குறுக்கே நிற்கிறது. குருடிக்கும் தெரியும். அவள் பார்க்கவில்லை. இதில் நான் மாற மாட்டேன்.

அண்ணாச்சிக்குச் சொன்ன பதில்: நீங்க ஸ்டோர்ல இருந்தீங்க, உங்களுக்கு எதுவும் தெரியாது. அவர் கொப்பளித்த விரலைப் பார்த்துக்கொண்டே, “நீ தள்ளச் சொன்ன, நான் தள்ளுனேன். அந்தப் புள்ள என்னல செஞ்சா?” என்றார். ஹேங்கருக்குள் வந்துவிட்டேன்.

மே 13, சனி

ஒரு விமானத்துக்கு ஐம்பது மணி நேரச் சர்வீஸ். எண்ணெய் மாற்றினேன், வடிகட்டியை வெட்டிப் பார்த்தேன், உலோகத்தூள் இல்லை. பேட்டரி சரி. வலது கை தோளுக்கு மேலே போகவில்லை என்பதால் எல்லாம் இரண்டு மடங்கு நேரம்.

பதினொரு மணிக்கு அவள் ஹேங்கருக்கு வந்தாள். சீருடை இல்லை, பறக்கவிடாமல் நிறுத்தி வைத்திருப்பதால் சாதாரண உடுப்பு. அழுது காரியம் சாதிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, வேலையை விட்டுத் தலையைத் தூக்காமலே இருந்தேன். அவள் அழவில்லை.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு. நான் கோட்டுலதான வந்தேன்?”

“கோட்டுல வந்தா எப்படி இடிக்கும்?”

“அதான் எனக்கும் வெளங்கல. மூக்குச் சக்கரம் கோட்டு மேல இருந்துச்சு, நான் பாத்தேன். பெறவு திசைகாட்டியச் சரிபாக்கக் குனிஞ்சேன். அஞ்சு செகண்டு இருக்கும். குனிஞ்சது என் தப்பு, கேப்டன்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு உங்க படத்தக் காட்டுனாரு. ஆனா அஞ்சு செகண்டுல ஒம்பது அடி எப்படி விலகும்?”

நடக்கிற வேகத்தில் ஐந்து விநாடிக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால் போகலாம். அதற்குள் 2.7 மீட்டர் பக்கவாட்டில் விலக வேண்டுமானால் காலால் வேண்டுமென்றே உதைத்துத் திருப்ப வேண்டும். இது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. விலகும், கவனம் இல்லாட்டி எதுவும் நடக்கும் என்றேன்.

அவள் அதை ஒத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு எரிச்சல். எதிர்த்துப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பிரேக்கு விசயத்துல நீங்க சரின்னு எழுதுன பெறவும் என் கால் சொன்னத நம்பித்தான் திருப்பி எழுதினேன். இப்ப அப்படி நம்ப முடியல. உங்க கணக்கு தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப என் கண்ணுதான் இல்லாதத இருக்குன்னு காட்டியிருக்கு. அப்படிப்பட்ட கண்ண வச்சுக்கிட்டு நான் மேல போகக் கூடாது அண்ணா. நாளைக்கு நாலு பேர ஏத்திக்கிட்டுப் போவேன். திங்கக்கெழம அவங்க நீக்குறதுக்கு முன்னால நானே விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துருதேன். உங்க படம் சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்கு நிம்மதி.”

“படம் சரி” என்றேன்.

சரி அண்ணா, தோள டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படம் சரிதான். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அளவுகோல் சரி. எட்டு மீட்டர் என்று எழுதிய ஒரே ஒரு எண் மட்டும் தவறு. அந்த இடத்தில் 5.3 என்று போட வேண்டும்.

பிரேக் விஷயம்: இரண்டாவது முறை அவள் எழுதிய பிறகு குழாயைப் பிரித்தேன். காற்றுக் குமிழி இருந்தது. அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. வழக்கமான பராமரிப்பு என்று எழுதி மூடினேன்.

மே 14, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். இடது கையால் பிழிந்ததில் பாதி ஈரத்தோடே கொடியில் கிடக்கிறது.

நேற்றிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. அவளை நீக்கினால் நீக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. இன்னும் சொல்கிறேன், குனிந்தவள் குனிந்தவள்தான். ஆனால் சரியாக வேலை செய்கிற ஒரு கருவியைப் பழுது என்று சீட்டு ஒட்டித் தூக்கிப் போடுவது என்னால் முடியாத காரியம். அவள் கண் சரியாக இருக்கிறது. இந்தத் தளத்தில் சக்கரம் எங்கே இருந்தது என்று சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவள். அவளைத்தான் அவள் கண்ணையே நம்பாதபடி செய்துவைத்திருக்கிறேன், அளவுகோல் வைத்து வரைந்து.

பத்து மணிக்குக் கேப்டன் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் லுங்கியில் இருந்தார், செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு. வாக்குமூலத்தைத் திருப்பிக் கொடுங்கள், திருத்த வேண்டும் என்றேன். என்ன திருத்தம் என்று கேட்டார். விமானம் குறியில் நிற்கவில்லை, 2.7 மீட்டர் முன்னால் நின்றது, தள்ளினது நான் என்றேன்.

ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் என் செருப்பில் ஓடியது. இதுவரை நீங்கள் என்று பேசியவர்.

“நீ என்ன, பெரிய அரிச்சந்திரனா? உன் மெயின்டனன்ஸ் லைசென்ஸுக்கு அனுபவச் சான்று யார் கையெழுத்துல போகணும்? அடுத்த மாசம் போகணும் இல்ல?”

“உங்க கையெழுத்துல சார்.”

“தெரிஞ்சு பேசறியா, தெரியாம பேசறியா? நாளைக்கு நிழல், கிழல்னு நீ வாயத் தொறந்தா அவ ஒருத்தியோட நிக்காது. உன் மேல வரும், பால்துரை மேல வரும், பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிட்டுப் போவான்.”

“உங்க மேலயும் வரும் சார். தினமும் ஒதுங்கித்தான போவீங்க.”

அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. வாக்குமூலம் அனுப்பியாகிவிட்டது, திருத்த முடியாது, நாளைக்கு விசாரணையில் நீ தேவையும் இல்லை, லீவு போட்டுக்கோ, தோளுக்கு வைத்தியம் பார் என்றார். குரல் இறங்கிவிட்டது. அவர் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இரண்டு வருடம் நான்கு மாத அனுபவம், அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வெறும் காகிதம்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி வீடு. நாளைக்குச் சொல்லப்போகிறேன் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. “எம் பேரு வருமால?” என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். “ரெண்டு பேரு இல்லாம அந்த விமானத்தத் தள்ள முடியாதுன்னு அவனுவளுக்குத் தெரியாதா?” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது மாலை ஐந்து மணி. நாளைக்கு:

1. காலை 8.10. மாணவர் விடுதி வேன் வாசலுக்கு வரும்போது அங்கே நிற்பேன். அவள் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன், நீ கோட்டில்தான் வந்தாய் என்று சொல்வேன். அதற்கு மேல் அவளிடம் பேச எதுவும் இல்லை.

2. 9.00. கூப்பிடாவிட்டாலும் விசாரணை அறைக்குள் போவேன். மூன்று தள்ளு, ஒன்பது அடி, நேரத்தோடு சொல்வேன். இடித்த பிறகு விமானத்தைப் பின்னால் தள்ளியது கசிவுக்காக அல்ல என்றும், இடித்த இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்கும் கண்ணாடியை எதற்காகப் பெருக்கினேன் என்றும் சொல்வேன்.

3. எட்டு மீட்டரை அடித்து 5.3 என்று போட்ட புதிய வரைபடம் கொடுப்பேன். இன்றைக்கே வரைந்துவிட்டேன்.

4. தள்ளச் சொன்னதும், கை காட்ட நின்றவரை ஸ்டோருக்கு அனுப்பியதும் நான் என்று சொல்வேன். உடன் தள்ளியது யார் என்று கேட்டால், அதை அவரே சொல்லட்டும் என்பேன். பொய் சொல்ல மாட்டேன்.

5. அவள் ஐந்து விநாடி குனிந்தாள் என்பதையும் சொல்வேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

6. குறைப் பதிவேட்டில் போன மாதப் பக்கத்தை எடுத்து, வலது பிரேக் குழாயில் காற்றுக் குமிழி இருந்தது, மாணவி சொன்னது சரி என்று எழுதுகிற நாளின் தேதியிட்டு எழுதுவேன்.

7. வேலை போய்விட்டால் கருவிப்பெட்டியை எண்ணி ஒப்படைப்பேன். போகாவிட்டால், அவள் மறுபடி விமானத்தை நகர்த்துகிற முதல் நாள், நேரம் எதுவானாலும், அதன் இடது இறக்கை முனையோடு ஓடுபாதை வரை நடந்து போவேன்.